உமிச்சாம்பல் விரிப்பு

ஜூன் 3, செவ்வாய்

விடியுமுன்பே மழை. குடை லேபில் கிடக்கிறது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டம். குழித்துறைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, முன்னால் பாறை ஏற்றின லாரி ஒன்று பழுது. கண்டக்டர்: "நடக்குதவங்க எறங்கி நடக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." யாரும் இறங்கவில்லை. ஆறு செம்மண் நிறம். ஜன்னலோரம் நனைந்துகொண்டே இருந்தேன், ஷட்டரை இறக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா கை நீட்டி இறக்கிவிட்டு என்னை முறைத்தார்.

கல்லூரி திறக்க நாள் இருக்கிறது. வகுப்பு எடுக்க வேண்டாம், என் ஆராய்ச்சிக்கு லேப் மட்டும் உண்டு. நல்லது. வீட்டில் இருந்தால் துக்கம் கேட்க ஆள் வரும், சாயா போட வேண்டும், மாமி எப்படிப் போனார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஆகப்போகிறது. அடக்கத்தன்று என் வீட்டுக்காரர் எட்வின் தன் அம்மாவின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நான் நாற்காலி எத்தனை குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல் மாதிரி என்பார்களே, அதுகூட இல்லை. நனைந்த சாக்கு மாதிரி.

கைடு ஸார் கண்காட்சிக்குத் தமிழில் அரைப் பக்கம் கேட்டிருக்கிறார். "பொதுமக்களுக்குப் புரியணும் ஷீபா." எழுதினது:

"நெல் உமியை எரித்த சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு. காஸ்டிக் சோடா கரைசலில் கொதிக்க வைத்தால் சிலிக்கா கரைந்து வரும். வடிகட்டி, அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டால் கஞ்சிபோல் ஆகும். அது உறைவதற்குள், கொய்யா இலைச் சாற்றில் தயாரித்த துத்தநாக ஆக்சைடு நுண்துகளைக் கலந்து, பருத்தித் துணியை முக்கிப் பிழிந்து, உலர்த்திச் சூடாக்கினால் நூலின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு படியும். அதில் கிருமி வளராது. விலை கூடிய வெளிநாட்டு மூலப்பொருளும் வேண்டாம், நச்சுக் கரைப்பானும் வேண்டாம்."

படித்துப் பார்த்தேன். வேறு யாரோ எழுதினது போல. போகட்டும், கண்காட்சிக்கு இது போதும்.

சாயங்காலம் ஜெயசீலி மைனி போன். எட்வினின் அக்கா, நாகர்கோவிலில் இருக்கிறார். முதலில் மழை. பிறகு மகனுக்கு ஸ்கூல் யூனிபார்ம் கிடைக்காதது. பிறகு அது.

"நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத ஷீபா. நான் உள்ளதச் சொல்லுதேன், கேட்டியா? அந்த மருந்துத் துணியில அம்மையப் போட்டிருக்கப்பிடாது. சாதாத் துணியில கெடந்தது வரைக்கும் புண்ணு உண்டா? நீயே சொல்லு."

வரிசைப்படி பார்த்தால் மைனி சொல்வது சரிதான். பக்கவாதம் வந்து கட்டிலோடு ஆன மாமி சாதாத் துணியில் கிடந்தார், புண் இல்லை. நான் லேபில் பூசிக் கொண்டுவந்த துணியை விரித்தோம். இடுப்புக்குக் கீழே புண். சீழ், காய்ச்சல், ஆஸ்பத்திரி, பெட்டி.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எட்வின் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மோர் கேட்டார், கொடுத்தேன்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். என் துணி மாமியை என்ன செய்தது.


ஜூன் 4, புதன்

வெயில் கொஞ்சம். லேபுக்குப் போகவில்லை.

விரிப்புகள் மூன்று செய்திருந்தேன். இரண்டு போய்விட்டன. அடக்கம் முடிந்த மறுநாள் மெத்தை, தலையணை எல்லாவற்றோடும் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் போட்டு எரித்தாயிற்று. மைனிதான் முன்னின்று எரித்தார். மூன்றாவது? பீரோவில், கிறிஸ்துமஸ் ஜன்னல் துணிகளுக்கு அடியில் கிடைத்தது. பெட்டி மாதிரி மடிப்பு, நாலு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று. எட்வின் மடித்தது. கல்ஃபில், தமாமில் ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். இங்கே வந்தபிறகும் எங்கள் வீட்டில் துணி அவர் பொறுப்பு. மாமி விழுந்தபிறகு மாமியும் அவர் பொறுப்பு. நான் ஏழரை பஸ்ஸுக்குப் போனால் ஆறு மணிக்கு வருவேன், அப்போது விரிப்பு மாற்றி, மாமிக்குத் தலை சீவி, பவுடர் போட்டு வைத்திருப்பார்.

துணியை மூக்கில் வைத்துப் பார்த்தேன். மாமி வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. அவ்வளவு வெள்ளை. கத்தரியால் ஒரு மூலை வெட்டிக் கவரில் போட்டேன்.

வாங்க: தேயிலை, கொசுவர்த்தி, எட்வினுக்கு மூட்டுவலித் தைலம்.


ஜூன் 5, வியாழன்

பாத்திமாவிடம் துண்டைக் கொடுத்தாயிற்று. மைக்ரோபயாலஜி. தேங்காய்பட்டணத்துக்காரி, என் ஒரே தோழி என்று சொல்லலாம். சனிக்கிழமை பெருநாள், அதற்குள் முடித்துத் தருகிறேன் என்றாள்.

மூன்று துண்டு. அ: பூசின பிறகு துவைக்காதது, என் மேசை டிராயரில் இருந்தது. ஆ: லேபிலேயே பச்சைத் தண்ணீரில், மெல்லிய சோப்பில் நான் பலதடவை துவைத்தது. இ: வீட்டு விரிப்பு. எது எதென்று அவளிடம் சொல்லவில்லை.

"என்னட்டி முகம் இப்பிடி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்லாத. இந்தா, அரிசிப் பத்திரி. எங்க உம்மா செஞ்சது."

இரண்டு தின்றேன். ருசி தெரியவில்லை, ஆனால் வயிறு நிறைந்தது.


ஜூன் 6, வெள்ளி

மழை விட்டுவிட்டு.

பாத்திமா பிளேட் மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். அ, ஆ இரண்டையும் சுற்றி அகார் கூழில் தெளிந்த வட்டம், கிருமி கிட்டே வரவில்லை. இ மேல் கிருமி ஏறி வளர்ந்திருக்கிறது. துணியே தெரியவில்லை, பாசி பிடித்த படி மாதிரி.

"ஏட்டி, இது நீ பூசின துணியா? கடையில வாங்கின மல்லுத்துணி மாதிரில்லா இருக்கு."

"நான் பூசினதுதான்."

"அப்ப எங்க போச்சு?"

மத்தியானம் பர்னஸில் சுட்டுப் பார்த்தேன். துணியைச் சுட்டால் பருத்தி போய்விடும், பூச்சு மட்டும் வெள்ளைச் சாம்பலாக நிற்கும். அ, ஆ: நூலோட்டம் தெரிய வெள்ளையாக நின்றது. இ: கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. ஊதினால் பறக்கிற அளவுகூட இல்லை.

முதலில் வந்தது நிம்மதி. எழுதி வைக்கிறேன், வேறு யாரும் படிக்கப் போவதில்லை. என் துணி மாமியை ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மாமி வெறும் துணியில்தான் கிடந்திருக்கிறார். மைனிக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில்கூட எடுத்தேன்.

பிறகு பாத்திமா கேட்டது. எங்கே போச்சு?


ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது மழை இல்லை. வீட்டுப் பின்னால் புகை. கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே நின்றுவிட்ட எட்வின், முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, சபைக்காரர்களிடமிருந்து இரவல் வாங்கின பெரிய எவர்சில்வர்ப் பானையில் விரிப்பு அவித்துக்கொண்டிருந்தார். நீளக் கம்பு, கையில் ரப்பர் கையுறை.

"என்னத்துக்கு அத்தான் இவ்வளவு புகை?"

"முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஆளு வருமே. விரிப்பு எல்லாம் வெளுத்து எடுக்கேன்."

"சோப்பா?"

"சோப்பெல்லாம் சும்மா. காஸ்டிக்கு." கம்பால் ஒரு கிண்டு. "லாண்டரியில இப்பிடித்தான். ஆஸ்பத்திரித் துணியில கிருமி ஒண்ணு மிச்சம் இருக்கப்பிடாது. அம்மைக்க துணி எல்லாம் இப்பிடித்தான் அவிச்சேன். ஒரு நாள் விட்டதில்ல."

நான் நின்றேன். காலில் செருப்பைக் கழற்றவில்லை.

"பச்சத்தண்ணியில துவைக்கச் சொன்னேன் இல்லியா?"

"சொன்ன. அது கொள்ளாது, சரிப்படாது ஷீபா." கோபமில்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "அம்மை அதுலதான் வெளிக்குப் போவா. பச்சத்தண்ணியில போவுமா அது? நீ ஒரு நாள் துவச்சுப் பாத்தியா?"

இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்தால் சிலிக்கா கரைந்து வரும். சாம்பலிலிருந்து நான் எடுப்பதும் அதே பொருளால், துணியிலிருந்து அவர் எடுத்ததும் அதே பொருளால். துத்தநாகமும் அதோடு போயிருக்கும். நான் லேபில் ஆறேழு நாள் நின்று பூசினதை முதல் வாரத்திலேயே இங்கே அவித்து, சாக்கடையில் ஊற்றி, மிச்சத்தை வெயிலில் காயப்போட்டு, பெட்டி மாதிரி மடித்து வைத்திருக்கிறார். நான் சாயங்காலம் வந்து பார்த்து, நல்லா வெளுத்திருக்கே என்று சொல்லியும் இருக்கிறேன்.

மாட்டிறைச்சி வாங்கியிருந்தார். வைத்தேன். உப்பு கூடிவிட்டது. "கொள்ளாம், நல்லாயிருக்கு" என்று சாப்பிட்டார்.


ஜூன் 10, செவ்வாய்

ஸார் அறை. கண்காட்சி அரைப் பக்கம் ஓகே. "வீட்டில் யூஸ் பண்ணின துணி ரிசல்ட் என்னாச்சு? நல்ல டேட்டா ஆச்சே அது."

அது டேட்டா இல்லை ஸார், படுக்கை விரிப்பு. சொல்லவில்லை. சொன்னது: "கொதிகாரத் துவைப்புக்குப் பூச்சு தாங்கவில்லை ஸார்."

"அப்படியா. குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி போட்டுடுங்க."

போட்டேன். ஒரு வரிதான் வந்தது.

திரும்பும்போது மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் நெரிசல். பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். எட்வினிடம் சொல்ல வேண்டுமா?

படுக்கைப் புண் வருவது அழுத்தத்தால். என் பூச்சு அப்படியே இருந்திருந்தாலும் புண் வந்திருக்கும். சீழ் பிடிப்பது தள்ளிப்போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. இதை முழுதாகச் சொன்னால் அவருக்குப் புரியும். ஆனால் அவர் முழுதாகக் கேட்க மாட்டார். பாதியிலேயே, நான்தான் அம்மையைக் கொன்றேன் என்று எடுத்துக்கொள்வார். எனக்கு அவரைத் தெரியும். கஞ்சி சூடாகக் கொடுத்து மாமிக்கு நாக்கு சுட்டதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர்.

சொல்லாவிட்டால் மைனி என்னைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லட்டும். எனக்குத்தான் ஒன்றும் உறைப்பதில்லையே. உறைக்காதவள் சுமந்தால் ஆச்சு.

முடிவு: சொல்ல வேண்டாம்.


ஜூன் 14, சனி

ஜெபம். காலையிலேயே மழை, பந்தல் ஒழுகியது. சபை ஐயர் வந்தார், சுருக்கமாக முடித்தார். வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். சாயா, பழம், கேக். கப் போதவில்லை, அடுத்த வீட்டில் வாங்கினது:

கப் - இரண்டு டஜன்
பெரிய தட்டு - 3
கெட்டில் - 1 (மூடி ஏற்கெனவே உடைந்தது, ஞாபகம் இருக்கட்டும்)

அடுக்களையில் பெண்கள். குழித்துறைச் சித்தி ஒருத்தர், மாமி கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டார். மைனி என்னைப் பார்க்காமல், கப் கழுவிக்கொண்டே:

"பின்ன கஷ்டப்படாமலா? எங்க வீட்டு விஞ்ஞானி அம்மையத்தான கண்டுபிடிப்புக்கு வச்சுப் பாத்தா. சாம்பல் தேச்ச துணி. சுட்ட தோல் மாதிரி ஆயிப்போச்சு எங்க அம்மைக்க முதுகு."

சித்தி தன் சேலை ஓரத்தை இழுத்துவிட்டார்.

எட்வின் கதவோரத்தில், கெட்டிலோடு. கேட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். 'விடு அக்கா' என்று ஒரு சொல் போதும். துணியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, என்னைத் தெரிந்தால் போதும். "சாயா தீந்து போச்சு" என்று கெட்டிலை என்னிடம் நீட்டினார். வாங்கித் தண்ணீர் வைத்தேன்.

எல்லாரும் போனபிறகு கணக்கு சரி, கப் எல்லாம் இருக்கிறது. ஒன்றில் கைப்பிடி போயிருக்கிறது. வேறு வாங்கிக் கொடுக்க வேண்டும்.


ஜூன் 16, திங்கள்

மழை இல்லை. புழுக்கம்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு தொலி உரித்துக்கொண்டிருந்தேன். எட்வின் அந்த விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தார். விரித்துப் பிடித்தார்.

"இதுல மூலை எங்க?"

"டெஸ்டுக்கு வெட்டினேன்."

"என்ன வந்துது?"

"ஒண்ணும் வரல்ல."

உட்கார்ந்தார். துணியை மடித்தார், மூலை இல்லாததால் மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்கு இன்னும் நாலு கிழங்கு பாக்கி.

"ஷீபா, காஸ்டிக்ல அவிச்சா ஒனக்க மருந்து போவுமா?"

"போவும்."

நினைக்கவே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், வாய் பதில் சொல்லும். பதினோரு வருஷப் பழக்கம். வேதியியல் கேள்வி, வேதியியல் பதில். எட்டு நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது ஒரு சொல்லில் போய்விட்டது.

பிறகு வேகவேகமாக மீதியைச் சொன்னேன். அத்தான், புண்ணு வாறது படுத்துக் கெடக்கதால, துணியால இல்ல. மருந்து இருந்தாலும் வந்திருக்கும். பச்சத்தண்ணியில துவைக்கச் சொன்னதே எனக்க தப்பு, அதுல யாரு துவைப்பா, துவைக்க முடியாத துணிய எதுக்குச் செய்யணும். எல்லாம் சொன்னேன். சரியாகவும் சொன்னேன். அவர் அதற்குள் முற்றத்துக்கு இறங்கியிருந்தார்.

பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை. உள்ளே வந்து கிழங்கை வேகப்போட்டேன்.


ஜூன் 17, செவ்வாய்

வானம் மூடாப்பு. லேப் போகவில்லை. ஸாருக்கு மெசேஜ்: காய்ச்சல்.

எட்வின் விடிந்ததும் குளித்து, சட்டை போட்டு, மேசை முன் உட்கார்ந்து மைனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர். நான் கேட்க வேண்டும் என்றுதான் ஸ்பீக்கர், தெரிந்தது.

"அக்கா, ஒரு காரியம். ஷீபாக்க துணியில தப்பு ஒண்ணும் இல்ல. நான்தான் காஸ்டிக் போட்டு அவிச்சு, அதுல உள்ளத எல்லாம் போக்கிட்டேன். அவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா. அம்மை வெறும் துணியிலதான் கெடந்திருக்கா. நான் செஞ்சதுதான் எல்லாம்."

அந்தப் பக்கம் குக்கர் விசில். ஒன்று. இனி அவரை என்னென்ன சொல்லப்போகிறாரோ என்று பயம். என்னைச் சொன்னது போல அவரைச் சொன்னால் மனிதர் தாங்க மாட்டார்.

"அதுக்கு நீ என்ன செய்வ மக்கா? அறிஞ்சா செஞ்ச? அம்மைக்கு நீ செஞ்ச மாதிரி எந்தப் பிள்ள செய்யும்? விட்டுத் தள்ளு. ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான். போய்ச் சாப்பிடு."

ஒரே மூச்சில். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கவில்லை, அதற்குள் முடிந்தது.

எட்வின் முகத்தைத் துடைத்தார். அந்த முகம் தெளிந்ததைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே கோபம், அடிவயிற்றிலிருந்து, காது வரை சூடாக. ஒரு மாதம். ஒரு மாதமாக இவள் என்னைச் சொன்ன சொல் என்ன, அவருக்கு என்றதும் வந்த சொல் என்ன. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன், சத்தம் கேட்கட்டும் என்றே போட்டேன்.

"ஷீபா அங்கன இருக்காளா?"

"இருக்கா."

அடுக்களை வாசலுக்கு வந்து நின்றேன். ஏதாவது சொல்வாள். பெரிதாக வேண்டாம். என் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை.

"ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் வாறோம்னு அவகிட்டச் சொல்லு. நெய்மீன் வாங்கி வைக்கச் சொல்லு. பிள்ளையளுக்கு அது இல்லாம சோறு எறங்காது."

மீன்பிடித் தடைக்காலம். நெய்மீனுக்கு நான் எங்கே போக.